ரீலின் அடியில் மலிவு நரம்பு: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

கோவையிலிருந்து வாளையார் தாண்டினால் மலம்புழா. தேனியிலிருந்து போடிமெட்டு ஏறினால் ஆனயிறங்கல், மூணாறு. வார இறுதியில் தூண்டில் ராடோடு இந்தப் பக்கம் கிளம்புகிறவரா நீங்கள்? அப்படியென்றால், முதல் ரீல் வாங்கியதுமே இந்தக் கேள்வி வந்திருக்கும்: ஸ்பூல் முழுக்க விலை உயர்ந்த பிரெய்டு நரம்பையே சுற்ற வேண்டுமா, இல்லை அடியில் மலிவான நைலானைச் சுற்றி ஒப்பேற்றலாமா?

சுருக்கமான பதில்: தாராளமாகச் சுற்றலாம். ஆனால் மலிவு என்பது விலையில் மட்டும்தான் இருக்க வேண்டும், பலத்தில் இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

அடிநரம்பு என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதை 'பேக்கிங்' என்பார்கள். பெட்டி கட்டும் பேக்கிங்கோடு குழம்பாமல் இருக்க, இங்கே 'அடிநரம்பு' என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பூலின் அடியில் முதலில் சுற்றும் நரம்பு இது. அதன் முனையில்தான் மீன் பிடிக்கும் பிரதான நரம்பை முடிச்சுப் போட்டு மேலே சுற்றுகிறோம்.

இந்தப் பழக்கம் ஃப்ளை ஃபிஷிங்கில் ரொம்ப நாளாகவே உண்டு. மூணாறு மலை ஓடைகளில் துரைமார் காலத்தில் ட்ரவுட் மீன் விட்டார்கள் இல்லையா, அதைப் பிடிக்கும் முறை அதுதான். ஃப்ளை நரம்பு சுமார் 27 மீட்டர்தான் இருக்கும். பெரிய மீன் ஓடினால் அது போதாது என்பதால் அடியில் மெல்லிய நரம்பு சுற்றினார்கள். இன்று ஸ்பின்னிங் ரீலில் நாம் சுற்றுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, வழுக்கல். பிரெய்டு என்பது பாலிஎத்திலின் இழைகளின் பின்னல். வழவழப்பானது, இழுத்தால் கிட்டத்தட்ட நீளவே நீளாது. வெறும் உலோக ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் ஸ்பூலைப் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும். டிராக் கெட்டுப்போச்சு என்று நினைப்பீர்கள், ஆனால் டிராக் நன்றாகத்தான் இருக்கும். நைலான் கொஞ்சம் நீளும், அதனால் ஸ்பூலை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, காசு.

எவ்வளவு மிச்சமாகும்?

ஸ்பூலின் விளிம்பில் '0.30 மி.மீ – 200 மீ' என்பது போல எழுதியிருக்கும். நரம்பு அடைக்கும் இடம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் கணக்கு எளிது:

• ஸ்பூலின் கொள்ளளவு: 0.30 × 0.30 × 200 = 18
• 0.20 மி.மீ பிரெய்டு மட்டுமே சுற்றினால்: 18 ÷ 0.04 = 450 மீட்டர்
• பிரெய்டு 150 மீட்டர் போதும் என்றால் அது அடைக்கும் இடம்: 0.04 × 150 = 6
• மீதி 12-ஐ 0.30 மி.மீ நைலானால் நிரப்பினால்: 12 ÷ 0.09 = சுமார் 133 மீட்டர்

ஒரு பேச்சுக்கு, பிரெய்டு மீட்டர் 6 ரூபாய், நைலான் மீட்டர் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க பிரெய்டு என்றால் 2,700 ரூபாய். அடியில் நைலான் என்றால் 900 + 133 = 1,033 ரூபாய். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். தொகை மாறலாம், ஆனால் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். கரையிலிருந்து வீசும் தூரம் பெரும்பாலும் 50 மீட்டருக்குள்தான். மீதி 400 மீட்டர் பிரெய்டு வெயிலைக்கூடப் பார்க்காமல் ஸ்பூலுக்குள் கிடக்கும்.

ஸ்பூலை ஏன் நிரப்ப வேண்டும்? 150 மீட்டர் பிரெய்டை மட்டும் சுற்றி விட்டால் என்ன?

வீசும்போது நரம்பு ஸ்பூல் விளிம்பில் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். அளவு குறைந்தால் உரசல் கூடும், தூரம் குறையும். மீட்டு இழுக்கும் வேகமும் போய்விடும். நரம்புச் சுருளின் விட்டம் 45 மி.மீ இருந்தால் ஒரு சுற்றுக்கு 14 செ.மீ வரும். 35 மி.மீ ஆகக் குறைந்தால் 11 செ.மீ தான். கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் 5 சுற்று சுற்றும் ரீலில் 70 செ.மீ வர வேண்டிய இடத்தில் 55 செ.மீ தான் வரும். விளிம்புக்குக் கீழே ஒன்றரை முதல் 2 மி.மீ வரை விட்டு நிரப்புவதே சரி.

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது?

நீங்கள் எதைப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாலக்காட்டுக் குளங்களில் செடிகொடி நடுவே தவளை லூர் போட்டு விரால் பிடிக்கிறீர்கள் என்றால், சண்டை 10, 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். அடிநரம்பு வெளியே வரவே வராது.

அணையில் பெரிய கட்லா மாட்டினால் கதை வேறு. திறந்த தண்ணீரில் அது நேராக ஓடும். பிரெய்டு தீர்ந்து அடிநரம்பு வந்துவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது அந்த மலிவு நரம்பும் ஒரு முடிச்சும் மட்டும்தான். அங்கே அறுந்தால் மீனோடு 150 மீட்டர் பிரெய்டும் போய்விடும்.

போனது உங்கள் காசு மட்டுமல்ல. வாயில் தூண்டிலோடு இத்தனை நீள நரம்பை இழுத்துக்கொண்டு போகும் மீன், முங்கிக் கிடக்கும் மரக்கட்டையில் சிக்கிச் சாகலாம். பிரெய்டு ஆண்டுக்கணக்கில் மட்காது. அணைகளில் வலை போட்டுப் பிழைக்கும் கூட்டுறவுச் சங்க மீனவர்களின் வலையில் அது சுற்றிக்கொள்ளும். பெரியாறு ஏரியில் நீர்நாய்கள் உண்டு. அவற்றின் காலிலும் சிக்கலாம்.

அதனால் இதை மட்டும் மனசில் வையுங்கள்: டிராக் எவ்வளவு எடைக்கு வைத்திருக்கிறீர்களோ, அதைப் போல குறைந்தது 2 மடங்கு பலம் அடிநரம்புக்கு இருக்கட்டும். டிராக் 2 கிலோ என்றால் முடிச்சோடு சேர்த்து 4 கிலோ தாங்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். விமான நிலையம் போகும்முன் பெட்டி எடை பார்க்கும் சின்னக் கைத்தராசு இருந்தால், நரம்பை அதில் கட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பழைய நரம்பு வேண்டாம். வெயிலில் கிடந்த நைலான் பலம் இழந்துவிடும். வீட்டில் கிடக்கிறதே என்று அதைச் சுற்றுவது மிச்சம் அல்ல.

சுற்றும்போது கவனிக்க வேண்டியவை

• நைலானையும் பிரெய்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். பிரெய்டு பக்கம் சுற்றுகளைக் கூட்டுங்கள். நனைத்து, மெதுவாக இறுக்கி, வால்களை ஒட்ட வெட்டுங்கள்.
• ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். அடிநரம்பு தளர்வாக இருந்தால் பிரெய்டு அதற்குள் புதைந்துவிடும்.
• கணக்குப் போட சோம்பலா? முதலில் பிரெய்டைச் சுற்றி, அதன் மேல் நைலானை விளிம்பு வரை நிரப்பி வெட்டுங்கள். பிறகு மொத்தத்தையும் இரண்டு காலிச் சுருள்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டு, மறுபடி ரீலில் சுற்றினால் நைலான் அடியில் வந்துவிடும்.
• ஸ்பூலே ஆழம் குறைந்ததாக இருந்தால் இவ்வளவு நைலான் தேவையே இல்லை. வழுக்காமல் இருக்க சில சுற்று நைலானோ, ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்போ போதும்.

கிளம்பும்முன் ஒன்று: இரவிகுளம் தேசியப் பூங்கா, பெரியாறு, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போட முடியாது. மற்ற அணைகளிலும் இறங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். வெட்டிப் போடும் துண்டு நரம்பைக் கரையில் விடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.