கைவிடப்பட்ட கிணற்றைக் குடிநீருக்குத் தயார் செய்தல்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் நீங்கள் முதலில் தேடுவது கிணற்றைத்தான். தண்ணீர் தெளிந்திருக்கலாம். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. ஆட்களில்லாத காலத்தில் மழைவெள்ளத்தோடு கால்நடைகளின் கழிவும், செத்த பிராணிகளும், இலைகுழைகளும் கிணற்றில் விழுந்திருக்கும். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிற்றோட்டத்தால் சிறுபிள்ளைகளின் உடலில் நீர் விரைவாகக் குறைந்து உயிராபத்து ஏற்படலாம்.

இறங்குமுன்

• கிணற்றினுள்ளோ அருகிலோ வெடிபொருள் போன்ற எதையும் கண்டால் தொடாதீர்கள். விலகிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.
• தனியாக இறங்க வேண்டாம். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். அவர் மயங்கினால் கயிற்றால் தூக்குங்கள். இன்னொருவர் இறங்கக் கூடாது.
• நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் வைத்து இயக்காதீர்கள். அதன் புகை உள்ளிருப்பவரைக் கொல்லும்.

சுத்தம் செய்யும் ஒழுங்கு

1. நீரை இறைத்து, சேற்றையும் குப்பையையும் அகற்றுங்கள். கரையோரக் கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் ஏறலாம்.
2. உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள்.
3. நீர் ஊறித் தெளிந்த பின்பே குளோரின் இடுங்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், கிருமிகள் தப்பிவிடும்.

எவ்வளவு குளோரின்?

விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீற்றரில்) × 785. இதுவே கிணற்றிலுள்ள நீரின் லீற்றர் அளவு. விட்டம் 2 மீற்றர், ஆழம் 1.5 மீற்றர் என்றால் 4,710 லீற்றர். 70 வீத வலுவுள்ள குளோரின் தூள் 1,000 லீற்றருக்கு 25 கிறாம் தேவை. ஆகவே இக்கிணற்றுக்குச் சுமார் 120 கிறாம். 35 வீதத் தூளாயின் இரு மடங்கு. தூளின் வலுவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கையுறை அணிந்து, பிளாஸ்ரிக் வாளியில் தூளை நீரில் கரைத்து, கிணற்றின் எல்லாப் பக்கமும் ஊற்றுங்கள். 24 மணித்தியாலம் அந்நீரை எடுக்க வேண்டாம். பின்னர் குளோரின் மணம் நன்கு குறையும்வரை இறைத்து விடுங்கள். அந்நீர் குளத்துக்கோ பயிருக்கோ போகக் கூடாது.

அதன் பின்னர்

குளோரின் இட்டபோது இருந்த கிருமிகளே அழியும். நாளை விழும் அழுக்கை அது தடுக்காது. ஆகவே கிணற்றுக்குக் கட்டும் மூடியும் அமையுங்கள். வாளியையும் கயிற்றையும் நிலத்தில் வைக்காதீர்கள். புதிய மலசலகூடக் குழியை இயன்றவரை 30 மீற்றருக்கு அப்பால் வெட்டுங்கள்.

நீரைப் பரிசோதித்துப் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை, நன்கு பொங்கிக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடியுங்கள். மூடிய பாத்திரத்தில் வையுங்கள். எண்ணெய் அல்லது கிருமிநாசினி மணக்கும் நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது. கொதிப்பித்தல் கிருமியைக் கொல்லும், நஞ்சை நீக்காது. அத்தகைய கிணற்றைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உடனே தெரிவியுங்கள்.