படிக்கட்டுக்குப் பணம் உண்டு, மேசைக்கு?

மார்ச் 31 நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நான் மாற்றுத்திறனாளி. நான் வேலை பார்க்கும் இடத்தில் எனக்கு வசதி செய்துதர அரசு பணம் ஒதுக்கியிருக்கிறதாம். நிதியாண்டு முடிவதற்குள் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?"

நீங்கள் கேள்விப்பட்டது ஒரு திட்டத்தை அல்ல, மூன்று திட்டங்களை. மூன்றின் பணமும் வெவ்வேறு கைக்குப் போகிறது.

முதலாவது, கட்டடத்துக்கான பணம். 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய 'சுகம்ய பாரத்' இயக்கத்தின் கீழ் சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை அமைக்க மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது. எஸ்டிமேட், டெண்டர் எல்லாம் துறைகளுக்குள் நடக்கும் வேலை. அதில் ஊழியர் மனு போட இடமில்லை. அரசு வெளியிடுவது எத்தனை கட்டடம் முடிந்தது என்ற கணக்கு. உள்ளே எத்தனை பேர் தடையின்றி வேலை செய்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, உபகரணத்துக்கான பணம். மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு உதவி, 30,000 வரை பாதி. நிரந்தர அரசு வேலை கிடைத்த பலர் சீக்கிரமே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். வேலைக்கு வந்தபின்தான் கருவி அதிகம் தேவைப்படும், அப்போதுதான் உதவி நிற்கிறது.

மூன்றாவது, முதலாளிக்கான பணம். 2008இல் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் இது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரைத் தனியார் நிறுவனம் சேர்த்தால், முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் 3 ஆண்டுகளுக்கு அரசு கட்டும் என்றார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வேலை என்பது இலக்கு, 1,800 கோடி ரூபாய் மதிப்பீடு. அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ பட்டறை நடத்துபவர் தயங்குவது பி.எஃப். பணத்துக்காக அல்ல. சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் என்ன செலவாகும் என்ற பயம்தான் காரணம். அந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூட இத்திட்டம் ஏற்கவில்லை.

இனி, என்னை மிகவும் உறுத்தும் இடம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசு அலுவலகம் ஒவ்வொன்றும் தன் ஊழியருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த 'மாற்றம்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அது 'அளவுக்கு மீறிய சுமை'யாக இருக்கக் கூடாது. எது சுமை என்பதை முதலில் சொல்லப்போவது பணம் கொடுக்க வேண்டிய அலுவலகமே. கையில் தனி நிதி இல்லாத அதிகாரிக்கு எல்லாமே சுமையாகத்தான் தெரியும்.

இந்த முடிச்சைப் பிரான்ஸ் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு விதமாக அவிழ்த்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 6 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும், குறைந்தால் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் 'அஜெஃபிஃப்' என்ற நிதியத்துக்குப் போய், வேறு நிறுவனங்களில் மேசையையும் கருவியையும் மாற்றச் செலவாகிறது. அரசு அலுவலகங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனி நிதியம் அமைத்தது. செலவை நிதியம் பங்கிட்டுக்கொள்ளும்போது 'சுமை' என்ற சாக்கு வலுவிழக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் இங்கிருந்து போய்விட்டார்கள், இந்தச் சட்டம் நம் கைக்கு வர வாய்ப்பே இல்லை. ஆனால் பார்த்துப் படிக்க யாரும் தடை சொல்லவில்லை.

நம் ஊரில் இது எவ்வளவு அவசரம் என்பதற்கு ஓர் அளவு போதும். பழைய வீடொன்றில் இயங்கும் அலுவலகத்தின் வாசலை அண்மையில் டேப் வைத்து அளந்தேன். மூன்று படி, ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி. அப்படியென்றால் 18 அடி வேண்டும். வாசலிலிருந்து சாக்கடை ஓரம் வரை இருந்ததோ ஐந்தடி. அங்கே நேராக இறக்கினால் சக்கர நாற்காலி உருண்டு தெருவில் போய் நிற்கும். சுவரோரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது பின்வாசலைத் திறக்க வேண்டும். எது சரி என்பதை அந்த நாற்காலியில் வருபவரைக் கேட்டால்தான் தெரியும். 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இதைத்தான்: தேவை ஆளுக்கு ஆள் மாறும், சம்பந்தப்பட்டவருடன் பேசியே முடிவெடுக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பழைய அரசுக் கட்டடங்களுக்குக் கெடு உண்டா? 2016 சட்டத்தின் விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டுகள். 2022இலேயே முடிந்துவிட்டது.

தனியார் நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லையா? சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், என்னென்ன வசதி உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு என்றால்? இட ஒதுக்கீடு கிடைக்காது. பணியிட மாற்றங்களைக் கேட்கலாம்.

அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தில் கால் இழந்தால் நீக்கலாமா? கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும்.

பார்வையற்றவருக்கான மென்பொருள் விலை அதிகமா? என்.வி.டி.ஏ. இலவசம். கோப்புகளைப் படமாக ஸ்கேன் செய்யாமல் எழுத்தாகத் தந்தாலே பாதி வேலை முடிந்தது.

சட்டத்தை மீறினால் அபராதம்? முதல் முறை 10,000 ரூபாய் வரை.

சரி, மார்ச் 31க்குள் நான் என்ன செய்வது? உங்களுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக, விலையுடன் எழுதிக் கொடுங்கள். மேசையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றுவது போன்ற செலவில்லாதவற்றை முதலில் எழுதுங்கள். அரசு அலுவலகமென்றால் 23ஆவது பிரிவின்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலருக்கு நகல் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 'சுமை' என்று வாயால் சொல்வது எளிது. எதற்கு எவ்வளவு சுமை என்று எழுத்தில் பதில் தர வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவருவது உங்கள் மனுதான்.