கலைப்படைப்புகளின் அனுமதியற்ற இணைய விற்பனை

ஓர் ஓவியர் அல்லது ஒளிப்படக் கலைஞரின் ஆக்கத்தை அவருடைய இசைவின்றிப் படியெடுத்து, அச்சுப்படமாகவோ சட்டை, குவளை, நாட்காட்டி முதலிய பொருள்களில் பதித்தோ இணையவழியில் விற்பது கலைப்படைப்புகளின் அனுமதியற்ற இணைய விற்பனை எனப்படும். இந்தியாவில் இது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மீறல் ஆகும். பலரும் வரைகின்ற, படம் எடுக்கின்ற இடங்களைப் பொறுத்தவரை, எது பொது, எது தனியுரிமை என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

கோட்டையும் அதன் படமும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளை இணைத்து அமைந்த செஞ்சிக் கோட்டை, மராட்டியப் படைத்துறை நிலவமைப்புகள் என்னும் தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் ஒன்றாக 2025 சூலையில் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே; ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளன.

பல நூற்றாண்டுப் பழமையான இக்கோட்டையின் தோற்றத்துக்குப் பதிப்புரிமை எவருக்கும் இல்லை. கல்யாண மகாலை யாரும் வரையலாம், வரைந்ததை விற்கலாம். புதிய கட்டடங்களைக்கூட வரைவதும் படம் எடுப்பதும் மீறலாகா என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் ஒருவர் தம் திறனால் வரைந்த அல்லது எடுத்த படம் அவருக்கே உரியது. "கோட்டை எல்லோருக்கும் சொந்தம், ஆகவே அதன் படமும் எல்லோருக்கும் சொந்தம்" என்னும் வாதம் சட்டத்தின்முன் நிற்காது. அதே பாறையில் அமர்ந்து அதே காட்சியைத் தாமாக வரைபவர் மீறவில்லை. முன்னவர் வரைந்த படத்தைப் பார்த்து வரைபவரே மீறுகிறார். கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதன் வெளிப்பாட்டுக்கே உண்டு என்பதை ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆர்யா வழக்கு

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. ஆர்யா எனப்பட்ட கே. பாஷ்யம், 1932 சனவரி 26இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மூவண்ணக் கொடியை ஏற்றிய விடுதலைப் போராட்ட வீரர். பின்னர் ஓவியராகவும் சிற்பியாகவும் பெயர் பெற்றார். அவர் வரைந்த காந்தியின் உருவப்படம் தொடர்பாக ஒரு பதிப்பு நிறுவனத்துடன் எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. அதன் தீர்ப்பு 1961ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அப்படம் இரண்டு ஒளிப்படங்களை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டது. இருப்பினும், ஓவியர் தம் உழைப்பாலும் திறனாலும் உருவாக்கியது தனிப்படைப்பே என்று நீதிமன்றம் ஏற்றது. ஒளிப்படத்தைத் துணையாகக் கொண்டு கோட்டையை வரையும் இன்றைய ஓவியர்களுக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். ஆனால் அந்த ஒளிப்படம் பிறருடையதாயின் அவருடைய இசைவைப் பெறுவது வேறு கடமை. அதிலிருந்து இத்தீர்ப்பு விடுவிப்பதில்லை.

உரிமையாளர் யார்?

படத்தை விலைக்கு விற்றதால் பதிப்புரிமையும் கைமாறிவிடுவதில்லை. அதற்கு எழுத்துவடிவ ஒப்பந்தமும் கையொப்பமும் வேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கைப் பலர் அறியாதுள்ளனர். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கோ எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கோ, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் (17ஆம் பிரிவு). தங்கும் விடுதியொன்றின் சுவருக்காகக் கோட்டையை வரைந்து கொடுத்த ஓவியர், அப்படம் பின்னர் அச்சாகி விற்கப்படும்போது தடுக்க இயலாமற் போவது இதனால்தான்.

உரிமை கைமாறினாலும், படைத்தவர் தாமே என்று உரைக்கவும், தம் மதிப்பைக் கெடுக்கும் சிதைவை எதிர்க்கவும் 57ஆம் பிரிவு கலைஞருக்கு இடமளிக்கிறது. விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமடைந்த சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

பதிவு கட்டாயமன்று. எனினும் பதிப்புரிமைப் பதிவேட்டிலுள்ள குறிப்பு நீதிமன்றத்தில் முதற்சான்றாகும். முன்வரைவுகள், திருத்தப்படாத மூல ஒளிப்படக் கோப்புகள், தேதியுடன் அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியனவும் சான்றாக உதவும்.

விற்பனையை நிறுத்துதல்

பெரும்பாலான மீறல்கள், கேட்ட பிறகே அச்சிட்டு அனுப்பும் முறையில் நடைபெறுகின்றன. விற்பவரிடம் சரக்கு இராது. ஒரு பட்டியல் நீக்கப்பட்டதும் வேறு பெயரில் மற்றொன்று தோன்றும். ஆகவே முறையீட்டுக்கு முன்பே அப்பக்கத்தின் முகவரி, விலை, விற்பவர் பெயர், தேதி ஆகியவற்றைத் திரைப்பதிவாகச் சேமிப்பதும், இயன்றால் ஒரு படியை விலைக்கு வாங்கி அதன் விலைச்சீட்டுடன் வைத்துக்கொள்வதும் அவசியம்.

2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, படத்திற்கு இணைப்புத் தரும் பொருட்டோ இடைநிகழ்வாகவோ தேக்கி வைத்திருக்கும் தளத்திற்கு எழுத்துமூலம் முறையிட்டால், அது 36 மணி நேரத்துக்குள் அணுக்கத்தை நிறுத்தவேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கிடைக்காவிடில் படத்தை மீண்டும் காட்டலாம். முறையீட்டில் மீறும் பக்கங்களைத் தனித்தனியே குறிப்பிடவேண்டும்; பொதுப்படையான முறையீடு போதாது என்பது மைஸ்பேஸ் வழக்கில் (2016) தில்லி உயர் நீதிமன்றத்தின் கருத்து.

செஞ்சியில் வாழும் கலைஞர், விற்பவர் மும்பையிலோ தில்லியிலோ இருந்தாலும் அங்குச் செல்லவேண்டியதில்லை. தாம் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில், அதாவது விழுப்புரத்திலேயே, வழக்குத் தொடரலாம் (62ஆம் பிரிவு). தடையாணை, இழப்பீடு, ஈட்டிய இலாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கோரலாம். விற்பவர் யாரெனத் தெரியாதபோது "அசோக் குமார்" என்னும் கற்பனைப் பெயரில் பிரதிவாதியைக் குறிப்பது இந்திய வழக்கம். 3 என்ற திரைப்படத்துக்காக 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஆணை இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது.

தெரிந்தே மீறுவது குற்றமும் ஆகும். ஆறு மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கப்படலாம். இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க, பிணையில் விடுவதற்குரியதல்லாத குற்றம் என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டுத் தளங்கள்

விற்கும் தளம் அமெரிக்காவைச் சேர்ந்ததாயின் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டப்படி அறிவிப்பு அனுப்பலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. விற்பவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால் நிலை மாறுகிறது. அதன்பின் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் படம் மீண்டும் விற்பனைக்கு வந்துவிடும். அதைத் தடுக்கக் கலைஞர் வழக்குத் தொடுத்துத் தளத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். சிறு ஊர்க் கலைஞர்கள் பலரின் முயற்சி செலவின் காரணமாக இவ்விடத்தில் நின்றுவிடுகிறது.