விலை குறைந்த பெட்டி. விலை போகாத உரிமை!

"போயும் போயும் ஒரு பாட்டுப் பெட்டி! அதுவும் விலை குறைந்த பெட்டி! அதைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பேசட்டும்! பேசுபவர் யார் என்பதை மட்டும் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பழுதென்றால் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாளே மற்றொன்று வாங்கும் வசதி படைத்தவர் அவர். எண்ணி எண்ணிச் செலவிடுபவன் அப்படிப் பேசுவதில்லை. இரவு ஷிப்டு முடித்து, கண் எரிய, கால் கடுக்க வீடு திரும்புகிறானே, அவன் சட்டைப் பையில் கிடக்கும் எம்.பி.3 பிளேயர்தான் அவனுக்குக் கச்சேரி, அதுதான் சபா, அதுதான் திரையரங்கு! மாளிகைவாசிக்கு அது பொழுதுபோக்கு. உழைப்பவனுக்கு அது இளைப்பாறல்!

பெட்டியின் விலை குறைவு. ஆம்! ஆனால் அதை வாங்கியவன் சிந்திய வியர்வை குறைவா? குறைந்த விலை கொடுத்தவனுக்குக் குறைந்த உண்மை போதும், குறைந்த மரியாதை போதும் என்று எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது? இதைத்தான் நாம் கேட்கிறோம். கேட்பதோடு நில்லாமல், இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கியவர்கள் அயல்நாடுகளில் பெற்ற பட்டறிவையும், இனிப்பும் கசப்பும் கலந்த பட்டறிவையும், எடுத்துரைக்கிறோம். அதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1998-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டயமண்ட் என்ற நிறுவனம் 'ரியோ' என்றொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருவம். விலை 200 டாலர். கொள்ளளவு 32 எம்.பி. நல்ல ஒலித்தரத்தில் அரைமணி நேரப் பாட்டுத்தான் அதில் அடங்கும். அந்த அரைமணி நேரப் பாட்டைக் கண்டு யார் நடுங்கியது தெரியுமா? இசைத்தட்டு நிறுவனங்கள்! கோடி கோடியாய்க் குவித்து வைத்திருந்தவர்களின் சங்கம் கோர்ட்டுக்கு ஓடியது. பெட்டியைத் தடை செய் என்றது! ஆனால் 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெட்டியின் பக்கமே தீர்ப்பளித்தது. தன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பாட்டை, தன் சொந்தக் காதுக்காக இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்கிறான். அது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானதல்ல என்றது. வாங்கியவன் பாட்டு, வாங்கியவன் பையில்! அதற்கும் ஒரு வழக்கு நடத்தித்தான் வழி பிறந்தது.

அதற்குப் பின், 2001-இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' வந்தது. விலை 399 டாலர்! அழகு இருந்தது, ஆரவாரம் இருந்தது, அனைவர் கைக்கும் எட்டும் விலை மட்டும் இல்லை. எட்டாத கனியை ஏங்கிப் பார்த்து நின்றவர்களுக்கு, 2007-இல் சான்டிஸ்க் நிறுவனம் 'சான்சா கிளிப்' என்ற சிறு பெட்டியைத் தந்தது. தீப்பெட்டியை நினைவூட்டும் அளவு. சட்டையில் கவ்விக்கொள்ள ஒரு கிளிப்பு. 1 ஜி.பி. பெட்டியின் விலை 40 டாலர் அளவில்தான். அந்தச் சமயத்தில் அதே கொள்ளளவுள்ள 'ஐபாட் ஷஃபிள்' 79 டாலர். அந்த 79 டாலருக்குத் திரை கிடையாது. எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பார்க்க வழி கிடையாது. 40 டாலர் பெட்டியிலோ திரை உண்டு, பண்பலை வானொலி உண்டு, குரலைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு! விலை உயர்ந்தால் பொருளும் உயரும் என்ற வாதம் என்னவாயிற்று, பார்த்தீர்களா?

வாங்கியவர்கள் வாழ்த்தினர். ஒலி தெளிவாக இருக்கிறது என்றனர். 2009-இல் வந்த 'கிளிப் பிளஸ்' பெட்டியில் மெமரி கார்டு செருகும் இடமும் இருந்தது. பாட்டு பெருகினால் பெட்டியை மாற்ற வேண்டாம், கார்டை மாற்றினால் போதும்!

வாழ்த்தியவர்களே குறையும் சொன்னார்கள். புதுப் பாட்டு ஏற்றும்போதெல்லாம் பெட்டி தன் பட்டியலைப் புதுப்பித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய கார்டு என்றால் நெடுநேரம். சில வேளை பெட்டி அப்படியே உறைந்து நின்றுவிடும். பொத்தானை இருபது விநாடி போல அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வரும். இந்த வைத்தியத்தை வாங்கியவனுக்கு வாங்கியவன் சொல்லிக் கொடுத்தான். இவை குறைகள், குற்றங்கள் அல்ல. குறையைப் பொறுக்கலாம். பொறுக்கக் கூடாத குற்றம் ஒன்று உண்டு!

தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டிய வணிகனை நாம் அறிவோம். அவனுடைய வாரிசு இன்று மெமரிக்குள்ளே குடிபுகுந்திருக்கிறான்! பெயரில்லாத, ஊரில்லாத மலிவுப் பெட்டிகள் சிலவற்றின் மேலே '64 ஜி.பி.' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதோ 4 அல்லது 8. மெமரியை ஆளும் சிறு மென்பொருளைத் திருத்தி, கேட்ட கம்ப்யூட்டரிடம் "64" என்று பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டரும் நம்பும், வாங்கியவனும் நம்புவான். ஏற்றும்போது எல்லாம் ஏறுவதுபோலத் தோன்றும். உண்மை அளவு நிரம்பிய பிறகு, புதுப் பாட்டு பழைய பாட்டின்மீது விழுந்து அதை அழிக்கும். அல்லது பெயர் மட்டும் தெரியும், பாட்டு இருக்காது. பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி அவன் சேர்த்து வைத்தது பாட்டு மட்டுமா? மறைந்த தாயின் குரலாகவும் இருக்கலாமே! அதற்கு எந்தக் கடைக்காரன் ஈடு தருவான்?

இன்னொரு கொடுமை, பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கினால் தளரத்தான் செய்யும், அது இயற்கை. ஆனால் தளர்ந்ததை மாற்ற முடியாதபடி உள்ளே வைத்து மூடி விடுகிறார்களே, அது இயற்கையா? கால் செருப்பு தேய்ந்தால் அடியை மாற்றுகிறோம், காலையா வெட்டுகிறோம்? விலை உயர்ந்த ஐபாட் வாங்கியவர்களும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. அவர்கள் கூடி வழக்குத் தொடுத்தனர். 2005-இல் உடன்பாடு ஏற்பட்டு, ஆப்பிள் நிறுவனம் 50 டாலர் மதிப்புள்ள சலுகை தரவோ, பேட்டரியை மாற்றித் தரவோ இசைந்தது. தனியாகக் கேட்டபோது கிடைக்காதது, கூடிக் கேட்டபோது கிடைத்தது! ஐரோப்பிய ஒன்றியமோ 2023-இல் சட்டமே இயற்றிவிட்டது: 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் நீங்கலாக, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும்.

கூடிக் கேட்டவர்கள் கதை இது. கூடிச் செய்தவர்கள் கதையும் ஒன்று உண்டு.

ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பாட்டுப் பெட்டியை வாங்கிய சிலர், அதன் மென்பொருளில் குறைகள் கண்டனர். குறை கண்டவர் என்ன செய்வார்? முணுமுணுப்பார்; பிறகு மூலையில் போடுவார். இவர்கள் அப்படிச் செய்யவில்லை! சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் ஸ்டென்பெரியும் தோழர்களும் 2001-இல் ஒன்றுகூடி, அந்தப் பெட்டிக்குப் புதிய மூளையையே எழுதத் தொடங்கினர். 'ராக்பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். விலை? இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். பல நாட்டவர் கைகொடுத்தனர். ஒரு பெட்டிக்கென எழுதியது பல பெட்டிகளுக்குப் பரவியது. நாம் மேலே சொன்ன 40 டாலர் கிளிப்புக்கும் வந்து சேர்ந்தது.

அதன் பெருமைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நம் பேனா நம்மை மன்னிக்காது. பார்வையற்றவர் இப்படியொரு பெட்டியை வாங்கினால், எழுத்துக் காட்டும் திரையால் அவருக்கு என்ன பயன்? பாட்டுக்கென்றே பிறந்த பெட்டி, பாட்டையே உலகமாகக் கொண்டவரிடம் ஊமையாய் நின்றது. ராக்பாக்ஸ் தோழர்கள் 2004-இலேயே அந்த ஊமையைப் பேச வைத்தனர்! பொத்தானை அழுத்தினால், பட்டியலில் இருப்பதைக் குரலாகச் சொல்லும். பிறர் கை பிடித்துப் பாட்டுத் தேடிய மனிதர், தாமே தேடினார். இலாபக் கணக்குப் பார்த்துச் செய்த வேலையா இது? இல்லை, தோழர்களே, இல்லை! அடுத்தவன் அல்லலைத் தன் அல்லலாக எண்ணியவர்கள் செய்த வேலை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பொருளை வாங்கியவன் பிச்சை கேட்டு நிற்பவனல்ல, உரியவன்! அவன் கேட்பவை மூன்றே மூன்று. பெட்டியின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்க வேண்டும். பழுதானால் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும். அவன் சொல்லும் குறைக்குச் செவி இருக்க வேண்டும். நூறு ரூபாய்ப் பொருளுக்கும் இதுவே நீதி, லட்ச ரூபாய்ப் பொருளுக்கும் இதுவே நீதி.

ஆகவே, வாங்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே பெட்டியை முழுக் கொள்ளளவுக்கும் நிரப்புங்கள். முதலில் ஏற்றிய பாட்டையும் கடைசியில் ஏற்றிய பாட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டும் பாடினால்தான் எழுதியிருக்கும் எண்ணை நம்பலாம்! சரிபார்க்கும் வரையில் மூலப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காதீர்கள். பேட்டரியை மாற்ற முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் வாய் மூடி இராதீர்கள். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டதை நாலு பேரிடம் சொல்லுங்கள். நல்லதை நல்லது என்றும் பொய்யைப் பொய் என்றும் சொல்லுங்கள். ஒருவன் குரல் முணுமுணுப்பு. ஊரார் குரல் முழக்கம்! முணுமுணுப்பைப் பொருட்படுத்தாத வணிகன், முழக்கத்துக்கு முன்னே மண்டியிட்டே தீருவான்.