கெண்டி மூக்கிலே வந்த கடிதம்

பர்மா தேசத்தில், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறவும், விசேஷ தினங்களில் ஜனங்கள் கூடியிருந்து தர்மோபதேசம் கேட்கவும் என்று, பகோடாக்களுக்குப் போகும் சாலையோரங்களில் புண்ணியவான்கள் கட்டிவிடும் கூரைக் கொட்டகைக்கு ஸயாத் என்று பெயர். நம்முடைய சத்திரம் சாவடிகளை அறிந்தவர்களுக்கு அதன் லட்சணத்தை விஸ்தரிக்க வேண்டிய அவசியமில்லை. யார் வந்தாலும் உட்காரலாம், யார் பேசினாலும் கேட்கலாம், பிடிக்காவிட்டால் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகலாம். 1819-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ரங்கூனில் ஷ்வேடகோன் பகோடாவுக்குச் செல்லும் வழியை ஒட்டி, இருபத்தேழு அடி நீளமும் பதினெட்டு அடி அகலமுமாக அப்படி ஒரு ஸயாத்தைக் கட்டி, சாலையைப் பார்த்த முன்பகுதியில் தாமே உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர்களைக் கூவியழைத்துப் பேசத் தொடங்கியவர் அடோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி. அந்நாட்டுக்கு வந்து ஆறு வருஷங்கள் பாஷையோடு மல்லாடிய பிறகே அவர் இந்தத் துணிவுக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை அவருடைய பிரார்த்தனையெல்லாம் மனைவியோடு வீட்டுக்குள் நடந்த பிரார்த்தனைதான்.

அந்த மனைவி ஆன் ஹாசல்டைன், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிராட்போர்டு என்ற ஊரில் 1789-இல் பிறந்தவர். 1812 பிப்ரவரி 5-இல் கல்யாணம். அதே மாதம் 19-இல் கப்பல். கல்கத்தாவில் இறங்கியவர்களைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூன் மாதத்தில் நம் சென்னைப் பட்டினத்துக்கு வந்தார்கள். இங்கேயும் அதிக நாள் இருந்தால் பிடித்துக் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், துறைமுகத்தில் புறப்படத் தயாராக நின்ற ஒரே கப்பலாகிய ஜார்ஜியானா எங்கே போகிறதென்று விசாரித்து, அது ரங்கூனுக்குப் போகிறது என்று தெரிந்ததும், அந்த ஓட்டைக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். அவர்களுடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது சென்னையில் நின்ற அந்தக் கப்பல்தான் என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பிரயாணத்தில்தான் அவர்களுடைய முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ரங்கூனில் பிறந்த இரண்டாவது பிள்ளை எட்டு மாதம் வளர்ந்து, 1816-இல் போய்விட்டது.

ஸயாத் திறந்த மூன்று மாதத்துக்குள், ஜூன் 27-ஆம் தேதி, மவுங் நௌ என்ற பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். கரையிலே புத்தர் விக்கிரகம் வீற்றிருந்த ஒரு பெரிய குளத்தில், பட்டப்பகலில் அது நடந்தது. ஆனால் அவருக்கு அடுத்தபடியாக நவம்பரில் வந்த இருவரும், பொழுது சாயும் வேளையில், ஜனங்களின் கண்ணுக்கு எட்டாமல் சடங்கை முடித்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். பகலில் குளத்துக்குப் போன மனிதரை வைத்து, அந்தி மயங்கும்வரை காத்திருந்த இருவரையும் எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் பழைய அரசர் மறைந்து, பேரராகிய பகிதா சிம்மாசனம் ஏறியிருந்தார், புது ராஜாவின் மனது எப்படியென்று நாட்டில் யாருக்கும் தெரியாது. அரசனின் மதத்தை விட்டவனுக்கு அரசனிடம் விசுவாசம் எப்படி இருக்கும் என்று கேட்கிற தேசத்தில், பகிரங்கமாக ஒருவன் கைகூப்பி நிற்பது பக்தி மட்டுமல்ல, ராஜாங்க விஷயமும் ஆகும்.

அந்த மனதை அறிந்துவர ஜட்சனே ஐராவதியில் படகேறி அமரபுரத்துக்குப் போனார். பொன்தகடு போர்த்திய ஆறு பாக வேதப் புத்தகத்தைக் காணிக்கையாக வைத்து, பிரஜைகள் தங்கள் விருப்பப்படி வணங்க அனுமதி வேண்டுமென்று ஒரு விஞ்ஞாபனம் சமர்ப்பித்தார். 1820 ஜனவரி 27-ஆம் தேதி ராஜா அந்த விஞ்ஞாபனத்தைப் படித்தார். உடன் வைத்த சிறு பிரசுரத்திலும் முதல் இரண்டொரு வாக்கியங்களைப் பார்த்தார். பிறகு அலட்சியமாக அதைத் தரையில் வீசினார். ரங்கூன் திரும்பியதும் சாலையோரத்து ஸயாத் மூடப்பட்டது. பிரார்த்தனை மறுபடியும் வீட்டுக்குள் போயிற்று.

ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் 1824 மார்ச் 5-இல் ஆரம்பித்தது. அரக்கான் எல்லைத் தகராறு முற்றி மூண்ட யுத்தம் அது. கடல் கடக்க மாட்டோம் என்று வங்காளச் சிப்பாய்கள் தயங்கியதால், ரங்கூனில் இறங்கிய பட்டாளத்தில் சென்னை ராஜதானிச் சிப்பாய்களே மிகுதி. நம் ஊர்களில் விளைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் குண்டுபட்டதைக் காட்டிலும் காய்ச்சலிலும் சீதபேதியிலும் அந்தச் சதுப்பு நிலத்தில் மாண்டது தனிக்கதை. அதை எழுத யாரும் வரவில்லை. அப்போது ஜட்சன் தம்பதிகள் தலைநகராக மாறியிருந்த ஆவாவில் இருந்தார்கள். மிஷன் பணம் அவர்களுக்கு ஆங்கில வியாபாரி ஹென்றி கௌஜர் மூலமாக உண்டியலில் வருவது வழக்கம். ஆங்கிலேயனிடமிருந்து பணம் பெறுகிறவன் ஆங்கிலேயனின் ஒற்றன் என்று தர்பார் தீர்மானித்ததை மிஷனரி சரித்திரக்காரர்கள் காட்டுமிராண்டித்தனம் என்று வர்ணிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே நிலையில் வேறு எந்த அரசாங்கமும் வேறு விதமாகத் தீர்மானித்திருக்குமா? ஆனால் தீர்மானத்துக்குப் பிறகு நடந்தது வேறு விஷயம்.

ஜூன் 8-ஆம் தேதி மாலை, சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் வேளையில், கறுப்புப் புஸ்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் முகத்திலே பச்சை குத்திய ஒருவன், கொலைக் கைதியாக வந்து பின்பு கொலைத் தொழிலையே உத்தியோகமாகப் பெற்றவன், ஜட்சனைத் தரையில் தள்ளி, மெல்லிய கயிற்றால் முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினான். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவதற்கு ஆன் அம்மையார் பணம் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. கொண்டுபோய் அடைத்த சிறைக்கு லெட்-மா-யூன் என்று பெயர். கை கூசாதே என்று பொருளாம். ஜன்னல் இல்லாத ஒரே அறையில் ஏறக்குறைய நூறு கைதிகள். காலில் மூன்று ஜோடி விலங்கு. இரவானதும் எல்லார் கால்களுக்கும் இடையே நீள மூங்கில் ஒன்றைச் செருகி, கப்பியில் இழுத்துத் தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் படும்.

இங்கேதான் ஒரு குடும்ப ஸ்திரீயின் வேலை தொடங்குகிறது. வீட்டுக்காரியம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் சாமான்களெல்லாம் கணவர் சிறையிலிருந்த பதினேழு மாதங்களில் என்ன உருவெடுத்தன என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். முதலில், தட்டையாக ஒரு அடை சுட்டு, அதன்மேல் எழுத்துக்களைக் கீறி, சோற்றுக் கிண்ணத்துக்குள் புதைத்து அனுப்பினார். கணவர் ஓட்டுத் துண்டில் எழுதிப் பதில் அனுப்பினார், நனைத்தால் எழுத்து மறைந்துவிடும், உலர்ந்தால் பளிச்சென்று தெரியும். கொஞ்ச நாள் கழித்து அதைவிட நல்ல யுக்தி பிறந்தது. தேநீர் நிரப்பி அனுப்பும் காப்பிக் கெண்டியின் நீண்ட மூக்கிலே, சுருட்டிய காகிதத்தைச் செருகிவிடுவது. காவற்காரன் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பானே தவிர, மூக்குக்குள் யார் பார்க்கிறார்கள்? பிரார்த்தனையைப் பகிரங்கமாகச் சொல்ல ஸயாத் கட்டிய குடும்பம், கடைசியில் கெண்டி மூக்குக்குள் வார்த்தைகளை ஒளித்துப் பேச வேண்டியதாயிற்று.

தலையணை விஷயம் இதைவிட விநோதமானது. ஜட்சன் பத்து வருஷம் உழைத்துச் செய்த பர்மிய புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை, வெள்ளியோடு சேர்த்து வீட்டின் கீழே மண்ணில் புதைத்து வைத்திருந்தார் ஆன். மழைக்காலம் வந்தது, பூஞ்சணம் பிடித்துவிடும். அதை எடுத்துப் பஞ்சுக்குள் பொதிந்து, யாரும் ஆசைப்படாதபடி கரடுமுரடாக ஒரு தலையணை தைத்து, சிறைக்கே அனுப்பிவிட்டார். மொழிபெயர்த்தவரே தம் மொழிபெயர்ப்பின்மேல் தலைவைத்துப் படுத்தார். பிற்பாடு 1825 மே 2-ஆம் தேதி கைதிகளைத் திடீரென்று வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றபோது, காவற்காரர்கள் உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்த பஞ்சு உருளையை விட்டெறிந்தார்கள்; எஜமானின் ஞாபகார்த்தமாக இருக்கட்டுமென்று மவுங் இங் என்ற பர்மியச் சீடர் அதை எடுத்துப்போய் வைத்திருந்தார்; உள்ளே என்ன இருக்கிறது என்பது பல மாதங்கள் அவருக்கே தெரியாது.

சிறைவாசலில் நின்று திரும்புவதும், நகர அதிகாரியின் வீட்டில் காத்திருப்பதும், ராணியின் உறவினர் ஒருவரிடம் போய் மன்றாடுவதுமாக ஆனுக்கு நாட்கள் கழிந்தன. அதிகாரியின் மனைவி யோசனை சொன்னபடி பர்மியப் பெண்களின் உடையையே உடுத்திக்கொண்டார். அத்தனையும் கர்ப்பிணியாக. 1825 ஜனவரி 26-இல் பெண் குழந்தை பிறந்தது. மரியா என்று பெயரிட்டார்கள். இருபது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வாசலில் வந்து நின்றபோது, தந்தையால் விலங்கோடு தவழ்ந்துதான் அதன் அருகே வர முடிந்தது.

மே மாதத்து அந்த நடையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பர்மாவின் கோடை வெய்யிலில், செருப்பைப் பிடுங்கிக்கொண்டு, இருவர் இருவராகக் கயிற்றில் பிணைத்து, சுடுமணலிலும் கூழாங்கல்லிலும் நடத்தினார்கள். ஜட்சனின் பாதம் தோலுரிந்து ரத்தம் ஒழுகியபோது, கௌஜரின் வேலைக்காரனாகிய ஒரு வங்காளி தன் தலைப்பாகையை அவிழ்த்து இரண்டாகக் கிழித்து, பாதியைத் தன் எஜமானுக்கும் பாதியை இவருக்கும் கொடுத்து, பாதங்களைச் சுற்றிக்கொள்ளச் செய்தான். அதோடு நில்லாமல், மீதி வழி முழுவதும் ஜட்சனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். ஆனுடைய சமையற்காரனும் வங்காளிதான். ஜாதி ஆசாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, சமைத்து, சிறைக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். 

போய்ச் சேர்ந்த இடம் அவுங்பின்லே என்ற கிராமம். கணவர் போன இடத்தை விசாரித்துக்கொண்டு, மூன்று மாதக் குழந்தையோடும் இரண்டு பர்மியச் சிறுமிகளோடும் படகிலும் கட்டைவண்டியிலுமாக ஆன் வந்து சேர்ந்தபோது, தங்குவதற்குக் கிடைத்தது காவற்காரன் வீட்டில் பாதி தானியம் நிரம்பிய ஒரே அறை. சிறுமிகளில் ஒருத்திக்கு வைசூரி கண்டது. ஆன் தாமே மற்றவளுக்கு அம்மைப் பால் குத்தினார். கைக்குழந்தைக்குக் குத்தியது பலிக்கவில்லை, அதற்கும் வைசூரியே வந்துவிட்டது. செய்தி பரவி, கிராமத்துத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஆனே காய்ச்சலில் விழுந்தார். பால் வற்றிவிட்டது. ஊரில் கூலிக்குப் பால் கொடுக்கும் செவிலி கிடையாது; பசுப்பாலும் இல்லை. காவற்காரனுக்கு லஞ்சம் கொடுத்து ஜட்சன் சற்று நேரம் வெளியே வர அனுமதி வாங்கினார். வாங்கி, காலில் விலங்கு கலகலக்க, எலும்பும் தோலுமான குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து ஒரு வாய் பால் கொடுங்கள் என்று யாசித்தார். ஸயாத்தின் முன்னால் உட்கார்ந்து ஜனங்களைக் கூவி அழைத்தவர், இப்போது அவர்களுடைய வாசலில் நின்றார். அவர்கள் கொடுத்தார்கள். சத்துரு தேசத்தின் பிள்ளை என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்த பிள்ளை அது. அதே மாதங்களில் அவர்களுடைய புருஷர்களும் சகோதரர்களும் ஐராவதிக் கரையில் பீரங்கிக்கு எதிரே நின்றிருக்கக்கூடும். ஆனுடைய ஜீவிய சரித்திரங்களைப் படிக்கும்போதெல்லாம், அவரைத் தெய்வமாக்கிப் பாடுகிறவர்கள் இந்தப் பெண்களுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்கலாமே என்ற மனக்குறை எனக்கு உண்டு.

யுத்தத்தில் தோற்கத் தொடங்கியதும் தர்பாருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அதனால் 1825 நவம்பரில் ஜட்சன் சிறையிலிருந்து எடுக்கப்பட்டு, பர்மியப் பாசறைக்கு அனுப்பப்பட்டார். 1826 பிப்ரவரி 24-இல் யாண்டபு உடன்படிக்கை. அரக்கானும் தெனாசரிமும் போயின, அதன்மேல் பத்து லட்சம் பவுன் தண்டம். இங்கிலீஷ் பாசறையில் ஜெனரல் காம்பெல் ஆன் அம்மையாருக்கு ராஜ மரியாதை செய்து விருந்துக்கு அழைத்தார் என்றும், அங்கே வந்த பர்மியப் பிரதிநிதிகளில் ஒருவர், முன்பு உதவி கேட்டு வெய்யிலில் நடந்து வந்த அவருடைய பட்டுக் குடையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியவர், அவரைக் கண்டதும் நடுங்கிப்போனார் என்றும், ஆன் அவரிடம் பர்மிய மொழியில் பயப்பட வேண்டாமென்று தைரியம் சொன்னார் என்றும் சரித்திரங்களில் ஒரு சம்பவம் உண்டு.

கதை இங்கே சுபமாய் முடிந்திருக்கலாம். புதிதாகப் பிரிட்டிஷார் வசமான கடற்கரையில், ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில், மனைவியையும் குழந்தையையும் குடிவைத்துவிட்டு, ஜட்சன் மறுபடியும் ஆவாவுக்குப் புறப்பட்டார். வியாபார ஒப்பந்தம் பேசப்போன கிராபர்டு துரை அவரை மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிட்டபோது முதலில் மறுத்தவர், பர்மிய ராஜ்யத்துக்குள் மதசுதந்திரம் உண்டு என்று ஒரு ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க முயல்வதாகச் சொன்ன பிறகே சம்மதித்தார். மூடிய ஸயாத்தை மறுபடி திறக்க வேண்டுமே! ஷரத்து கிடைக்கவில்லை. அங்கிருக்கையிலே கறுப்பு முத்திரையிட்ட ஒரு கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் குழந்தை போய்விட்டது போலிருக்கிறது என்று துக்கம் விசாரித்தபடி கொடுத்தார். அறைக்குள் போய்ப் பிரித்தார் ஜட்சன். அக்டோபர் 24-இல் இறந்தது ஆன், வயது முப்பத்தாறு.

1827 ஜனவரி 24-ஆம் தேதி அவர் ஆம்ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். சக மிஷனரி வேடு என்பவரின் மனைவி குழந்தையை எடுத்து வந்தார். அவுங்பின்லே வீதிகளில் விலங்கோடு தன்னைச் சுமந்து பால் பிச்சை கேட்ட மனிதர் இவர்தான் என்று இரண்டு வயது மரியாவுக்கு எப்படித் தெரியும்? அது மிரண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அங்கிருந்து நகர்ந்து, ஹோபியா மரத்தடியில் இருந்த சமாதியைத் தேடிப் போனார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 24-இல், அதே மரத்தடியில் தாயின் பக்கத்திலே ஒரு சின்னக் குழி வெட்ட வேண்டி வந்தது.