வெளியாளை அழைக்கும் முன் எழுதி வைக்க வேண்டியது

இன்ஃபோசிஸை 1981-ல் தொடங்கிய நிறுவனர்களே 33 ஆண்டுகள் மாறி மாறி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்கள். 2014 ஆகஸ்டில்தான் முதன்முறையாக வெளியாள் ஒருவர், எஸ்ஏபி நிறுவனத்திலிருந்து வந்த விஷால் சிக்கா, தலைமைச் செயல் அதிகாரி ஆனார். மூன்றே ஆண்டில் பதவி விலகினார். அன்று பங்கு விலை ஏறக்குறைய 10 சதவீதம் சரிந்தது. நிறுவனத்தின் பண்பாட்டுக்கு அவர் ஒத்துவரவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் சிக்கா காலத்தில் உடைக் கட்டுப்பாடு தளர்ந்தபோது பெரிய சண்டை எதுவும் மூளவில்லை. நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி பகிரங்கமாக எதிர்த்தது பண விஷயத்தை: விலகிய நிதி அதிகாரிக்கு ஒப்புக்கொண்ட 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, ஊழியர்களுக்கு 6 முதல் 8 சதவீதம் சம்பளம் உயர்ந்த நேரத்தில் உயரதிகாரி ஒருவருக்கு 60 சதவீதத்துக்கு மேல் உயர்வு. இயக்குநர் குழுவோ முறைகேடு எதுவும் இல்லை என்று சிக்காவின் பக்கம் நின்றது. மூர்த்திக்குக் கைவிடக் கூடாத நெறியாகத் தெரிந்தது, குழுவுக்குச் சந்தை நிலவரத்தை ஒட்டிய முடிவாகத் தெரிந்தது. எது நெறி என்பதில் வீட்டுக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாதபோது, வருகிறவர் எதற்குப் பொருந்துவார்?

பண்பாட்டுக்குப் பொருந்துகிறவரைத் தேடினால் தலையாட்டிதான் கிடைப்பார், மாற்றம் வராது என்பார்கள். ஐபிஎம் அனுபவம் இதை மறுக்கிறது. நஷ்டத்தில் தத்தளித்த அந்நிறுவனத்துக்கு 1993-ல் வந்த லூ கெர்ஸ்ட்னர், பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவின் தலைவர். முதல் கூட்டத்தில் எல்லோரும் வெள்ளைச் சட்டை. அவர் மட்டும் நீலம். சில வாரம் கழித்து அவர் வெள்ளையில் போனார். மற்றவர்கள் வேறு வண்ணங்களில் வந்திருந்தார்கள். வாடிக்கையாளருக்கு மரியாதையாக அவரைப் போலவே உடுத்த வேண்டும் என்பதுதான் அந்தப் பழைய வழக்கத்தின் காரணம் என்பதை அவர் புரிந்துகொண்டார். வாடிக்கையாளரின் உடை மாறிவிட்டதால் 1995-ல் விதியை எடுத்தார், காரணத்தைக் காப்பாற்றினார். நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் திட்டத்தையும் நிறுத்தினார். விதியின் காரணத்தை மதிப்பவரால்தான் அதன் வடிவத்தைத் துணிந்து மாற்ற முடியும்.

அப்படியானால் உள்ளே வளர்ந்தவரையே நியமித்தால் போதாதா? உள்ளே அந்தத் திறமை இருந்தால் போதும். இல்லாதபோது தயங்கத் தேவையில்லை. சிக்காவுக்குப் பின் 2018 ஜனவரியில் வந்த சலில் பரேக்கும் வெளியாள்தான். நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி தலைவராகத் திரும்பிவந்திருந்த வேளை அது. 2022-ல் பரேக்கின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது.

ஆகவே முதல் வெளியாளைத் தேடும் முதலாளி, எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, ஏன் என்பதை இயக்குநர் குழுவோடு உட்கார்ந்து முதலில் எழுதிவிட வேண்டும். சம்பள இடைவெளி, விலகுகிறவருக்குத் தரும் தொகை, பழைய முதலாளி எப்போது வாய் திறக்கலாம் என்பவையும் அதில் இருக்கட்டும். வர இருப்பவர் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும், மறுத்தும் பேசட்டும். நியமன உத்தரவுக்கு முன்னால் வரும் அந்த வாக்குவாதத்துக்கு ஒரு மாதம் செலவானாலும் லாபம்தான்; அதைத் தவிர்த்தால் அதே வாக்குவாதம் பின்னாளில் பத்திரிகைகளில் நடக்கும், விலையை ஊழியர்களும் பங்குதாரர்களும் கொடுப்பார்கள்.