பல்லையும் காட்டிட்டு வாங்க!

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. எக்கோ, ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, “பல் டாக்டரையும் பார்த்துட்டு வாங்க” என்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டார் குழம்புவார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. புது மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் தரும் கடுமையான கீமோவில் வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லாமலே போய்விடும். அதுவரை வலியில்லாமல் கிடந்த சொத்தைப் பல்லின் கிருமி அப்போது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எடுக்க வேண்டிய பல்லை, புண் ஆற இரண்டு வாரமாவது விட்டு, முன்பே எடுத்துவிட வேண்டும்.

கீமோ முடிந்த சில நாட்களில் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கக்கூட முடியாது. சிலருக்கு மார்ஃபின் தேவைப்படும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது ஓர் எளிய வழி உண்டு: ஐஸ் துண்டு. மருந்து ஏறுவதற்குச் சற்று முன்பிருந்து முடிந்த பிறகும் சிறிது நேரம் வரை, கரையக் கரைய வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பல் கூசும், நாக்கு மரத்துப்போகும். ஆனால் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்க்கு வரும் மருந்து குறைகிறது, புண்ணும் குறைகிறது. இவ்வளவு செலவு பிடிக்கும் சிகிச்சையில் காசே ஆகாத இந்த வைத்தியம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் சி.எம்.சி.யிலும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. பிழைத்து வீடு திரும்பி, ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இன்று பலர். அவர்களுடைய வாயைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அடுத்தவர் தந்த மஜ்ஜை என்றால், அந்த அணுக்களே நோயாளியின் உடம்பைத் தாக்குவதுண்டு. கன்னத்தின் உட்புறம் வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். ரசம் சாதம் எரியும். புதினா பேஸ்ட்டும் எரியும். அதனாலேயே பல் துலக்குவதை விட்டுவிடுவார்கள். எச்சிலும் வற்றிப்போக, ஈறோரத்தில் மளமளவென்று சொத்தை விழும். காரமில்லாத குழந்தைகள் பேஸ்ட், மெத்தென்ற பிரஷ், மருத்துவர் தரும் ஃபுளோரைடு, ஸ்டீராய்டு கலந்த வாய்க் கொப்பளிப்பு இவை உதவும். வாய்ப் புற்றுநோய் அபாயமும் கூடுதல். வெற்றிலையோடு பாக்கு, புகையிலை எதுவும் கூடாது.

பல் வலிக்கிறதென்று தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். எலும்புக்காக ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர் என்றால், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போக வாய்ப்புண்டு. நாற்காலியில் சாயும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.